லத்தியைப் பார்க்காமல் குதிரைக்குப் பூச்சி மருந்து வேண்டாம்

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து குடுத்துடுவோம்." வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டைப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் குதிரை வைத்திருப்பவர்கள் அக்கறையோடு சொல்லும் வார்த்தை இது. ஆனால் லத்தியில், அதாவது சாணத்தில், குடற்புழு முட்டை எத்தனை என்று கணக்குப் பார்க்காமல் எல்லாக் குதிரைக்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், மருந்துக்குச் சாகாத புழு மட்டும் தங்கிப் பெருகும். பென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து பல நாடுகளில் பலனிழந்தது இப்படித்தான்.

வளர்ந்த குதிரையில் அதிகம் இருப்பது சிறு ஸ்ட்ராங்கைல் புழு, தலைமுடிப் பருமன்தான். இதன் குஞ்சுப்புழு பெருங்குடல் சுவருக்குள் கூடு கட்டி மாதக்கணக்கில் தூங்கும். பிறகு ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் வெளியே வந்தால் கடும் பேதி, வயிற்றடியில் வீக்கம், சில நாளில் எலும்பும் தோலும். பெரிய ஸ்ட்ராங்கைல் அதைவிடக் கொடியது. அதன் குஞ்சுப்புழு குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் புகுந்து அடைப்பு உண்டாக்கும். குதிரை தரையில் புரண்டு வயிற்று வலியில் துடிக்கும்.

இந்தப் புழுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் நம் பகுதிக்கான விஷயம் இருக்கிறது. சந்தில் கட்டி, கொள்ளும் தவிடும் வைத்து வளர்க்கும் குதிரைக்கு ஸ்ட்ராங்கைல் தொற்று குறைவு. காய்ந்த சிமென்ட் தரையில் குஞ்சுப்புழு பிழைக்காது. ஆபத்து, வேலை முடிந்ததும் நாலைந்து குதிரைகளைச் சேர்த்து அவிழ்த்துவிடும் காலி மைதானத்தில். ஐப்பசி மழையில் அங்கே புல் தளிர்க்கும். லத்தியில் விழுந்த முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்துக்கு வந்து ஈரப் புல்நுனியில் ஏறிவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் அதே குஞ்சுப்புழு காய்ந்து சாகும். ஆகவே புரட்டாசிக் கடைசியில் ஒரு பரிசோதனை, தை மாதத்தில் இன்னொன்று. மாடு மேய்ந்த இடத்துப் புல்லுக்குப் பயப்பட வேண்டாம், மாட்டுப் புழுக்களில் பெரும்பாலானவை குதிரையில் வளராது. குதிரை லத்தி பச்சையாகக் கொட்டிய இடத்துப் புல்லுக்கட்டை மட்டும் வாங்காதீர்கள். மைதானத்து லத்தியை வாரம் இருமுறை அள்ளினாலே பாதிப் போர் முடிந்தது.

பரிசோதனைக்கு, அப்போதுதான் போட்ட லத்தியில் மூன்று உருண்டையை எடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றைப் பிழிந்து கட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறைய விடக் கூடாது. சென்னைச் சூட்டில் ஒரு நாள் வெளியே கிடந்தால் முட்டை பொரிந்து, கணக்கு தப்பாகிவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம்தான், அன்றைக்கே கொண்டுபோய்விடலாம். ஆய்வகத்தில் 4 கிராம் லத்தியை 26 மில்லி அடர்ந்த உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, மெக்மாஸ்டர் எனும் முட்டை எண்ணும் கண்ணாடியின் இரண்டு அறையிலும் எண்ணுவார்கள். எண்ணிக்கையை 25-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான முட்டை. 200-க்குக் கீழ் என்றால் பொதுவாக அந்தச் சுற்றில் மருந்து தேவையில்லை. 500-க்கு மேல் என்றால் மைதானத்தை அழுக்காக்குவது அந்தக் குதிரைதான். கூடு கட்டிய குஞ்சுப்புழுவும் நாடாப்புழுவும் இந்தக் கணக்கில் சரியாகத் தெரியாது. அதனால் எண்ணிக்கை குறைவான குதிரைக்கும் வருடம் ஒருமுறையாவது, மருத்துவரைக் கேட்டு, கூடு கட்டிய குஞ்சுப்புழுவையும் கொல்லும் மாக்சிடெக்டின் வேண்டும். இன்னொரு பூச்சி மருந்தான ஐவர்மெக்டின் அதைக் கொல்லாது. மேயும் குதிரையென்றால் கூடவே நாடாப்புழு மருந்தான பிராசிகுவாண்டலும்.

அளவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம், இரண்டையும் டேப்பால் அளந்து சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880 போடுங்கள். 150 சென்டிமீட்டர் சுற்றளவும் 140 நீளமும் உள்ள குதிரை 265 கிலோ. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வீதம் ஐவர்மெக்டின் 53 மில்லிகிராம். பேஸ்ட் குழாயில் திருகை அடுத்த மேல் கோட்டில் வையுங்கள். குறைந்த மருந்து புழுவுக்குப் பயிற்சி கொடுப்பது போல.

கொடுக்கும்முன் வாயைப் பாருங்கள். கொள்ளு மென்றுகொண்டிருந்தால் உருண்டையோடு பேஸ்டையும் துப்பிவிடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் குழாயை நுழைத்து நாக்கின் மேலே, பின்பக்கமாகத் தள்ளி, விழுங்கும்வரை தலையைத் தூக்கிப் பிடியுங்கள். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடவே போடாதீர்கள். ஊசி போட்ட இடம் வீங்கி, கிளாஸ்டிரிடியம் கிருமி புகுந்து உயிரே போகலாம்.

குட்டிக்கு வேறு கணக்கு. அதன் சிறுகுடலில் வளரும் உருண்டைப் புழு ஒரு சாண் நீளம் வரும், முட்டை லாயச் சுவரில் வருடக்கணக்கில் பிழைக்கும். பல இடங்களில் இது ஐவர்மெக்டினுக்குச் சாவதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் பென்பெண்டசோல் தொடங்கி, ஐந்தாறு மாதத்தில் மறுபடியும் கொடுங்கள். வயிறு உப்பிய குட்டி என்றால் மருத்துவர் இல்லாமல் கொடுக்காதீர்கள். செத்த புழுக்கள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்துவிடும்.

முன்னங்கால் மயிரில் மஞ்சளாக, ரவை போலச் சின்னதாக ஒட்டியிருப்பவை பாட் ஈயின் முட்டைகள். பிளேடை மயிரோடு படுக்கவைத்துச் சுரண்டுங்கள், குதிரை நக்கினால் அவை வயிற்றுக்குள் போகும்.

மருந்து கொடுத்த 14-ஆம் நாள் மறுபடி லத்தியைக் கொண்டுபோங்கள். முன்பு 800, இப்போது 300 என்றால் அந்த மருந்து உங்கள் குதிரையிடம் தோற்றுவிட்டது. அளவு சரியாகக் கொடுத்தீர்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மருத்துவரிடம் கேட்டு வேறு வகை மருந்துக்கு மாறுங்கள்.