பின் டயர் தேய்ந்ததா? அப்போதே ஷாஃப்ட்டையும் பாருங்கள்

பெரிய டூரிங் குரூசர்களில் (நெடுந்தூரப் பயணத்துக்கான கனமான பைக்குகள்) இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. பெரிய கொள்ளளவு, குறைந்த சுற்று, ஆயில் மட்டும் ஒழுங்காக மாற்றினால் லட்சம் கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். வண்டியைப் படுக்க வைப்பது கண்ணில் படாத சின்னச் சாமான்கள்தான். அவற்றில் முக்கால்வாசி பின் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. சக்கரம் கழன்றால்தான் வெளியே தெரியும். அதனால் பின் டயர் மாற்றும் நாளைத்தான் உண்மையான சர்வீஸ் நாள் என்பேன்.

இங்கே சொல்வது ஷாஃப்ட் டிரைவ் வண்டிகளுக்கு (செயினுக்குப் பதில் சுழலும் தண்டு ஒன்று இன்ஜின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும்), அதிலும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இரண்டு பக்கமும் உள்ளவற்றுக்கு. ஹார்லியின் டூரிங் வண்டிகளில் பெல்ட். அதில் ஸ்ப்லைன் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் பல்வரிசை) தொல்லை இல்லை, பெல்ட் டென்ஷனும் புல்லிப் பற்களும் பார்த்தால் போதும். ஹோண்டா கோல்டுவிங் ஜிஎல்1800-இல் ஒற்றைப் பக்க ஆர்ம், சக்கரம் காரைப் போல ஐந்து நட்டில் வந்துவிடும்.

முதலில் தூக்குவது. 350 கிலோவுக்கு மேல் எடை, அதிலும் பாதி எடை உயரத்தில். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு நீளமான ஸ்பேனரை இழுத்தால் ஜாக்கிலிருந்து வண்டி நழுவும். ஜாக்கை ஃபிரேமின் கீழ்க் குழாய்களுக்கு அடியில் வையுங்கள். சைலன்சருக்கோ ஆயில் ஃபில்டருக்கோ அடியில் வைக்கக் கூடாது. முன் பிரேக் லீவரை ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டி, வண்டியை இரு பக்கமும் ஜாக்கோடு சேர்த்துக் கட்டுங்கள். மட்கார்டுக்கு அடியில் டயர் வெளியே வர இடம் வேண்டும், ஆகவே நினைப்பதைவிடக் கூடுதலாகவே தூக்க வேண்டியிருக்கும்.

பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். பேடுகளுக்கு நடுவே மெல்லிய மரத்துண்டு ஒன்றைச் சொருகி வைத்தால், யாராவது தெரியாமல் பெடலை மிதித்தாலும் பிஸ்டன் வெளியே தள்ளாது. ஆக்சிலை உருவும்போது எந்த ஸ்பேசர் (இடைவெளி வளையம்) எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தை ஃபைனல் டிரைவிலிருந்து (தண்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் கியர் பெட்டி) விலகும் பக்கமாக நகர்த்தினால் ஸ்ப்லைன் கழன்று வரும்.

இப்போது ஸ்ப்லைனைப் பாருங்கள். நல்ல பல்லின் மேற்பகுதி தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் கூராகிவிடும், அல்லது அதன் பக்கவாட்டில் நகத்தில் தட்டுப்படும் ஒரு படி விழுந்திருக்கும். பற்களுக்கு இடையே செங்கல் நிறத் தூள் இருந்தால், மசகு காய்ந்துபோய் இரும்பும் இரும்பும் உரசியிருக்கிறது என்று அர்த்தம். தூள் மட்டும் இருந்து பல் தட்டையாக இருந்தால் பிழைத்தீர்கள்: மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மசகு போட்டால் தீர்ந்தது. பல் கூராகியிருந்தால் ஹப் பக்கத்துச் சாமானையும் ஃபைனல் டிரைவ் பக்கத்துச் சாமானையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் கெட்டுவிடும்.

எந்த மசகு என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் இங்கே நிற்காது. சுழற்சியில் வெளியே வீசப்படும், அழுத்தத்தில் பிதுங்கிப்போகும். வேண்டியது மாலிப்டினம் டைசல்ஃபைடு பேஸ்ட், 60 சதவீதம் அல்லது அதற்கு மேல். கடையில் 'மாலி கிரீஸ்' என்று கிடைப்பதில் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம்தான் இருக்கும். டப்பாவைப் படித்து வாங்குங்கள். பற்களின் இடைவெளியில் கறுப்பாகப் படியும் அளவு போதும், அள்ளி அப்ப வேண்டாம். ஓரத்தில் ஓ-ரிங் இருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள். அது போனால் தண்ணீர் உள்ளே இறங்கி பேஸ்ட்டைக் கழுவிவிடும்.

ஃபைனல் டிரைவைப் பிடித்திருக்கும் நான்கு நட்டையும் கழற்றினால் ஷாஃப்ட்டின் முன்முனை ஸ்ப்லைனும் கைக்கு வரும். இது கூடுதல் வேலைதான், ஆனால் சக்கரம் வெளியே இருக்கும்போது அரை மணி நேரத்துக்குள் முடியும். அதற்கும் அதே பேஸ்ட்.

ஃபைனல் டிரைவ் ஆயிலை ஒரு சின்ன ஓட்டத்துக்குப் பிறகு, சூடாக இருக்கும்போதே, சக்கரம் கழற்றுவதற்கு முன் வடித்துவிடுவது நல்லது. உள்ளே இருப்பது ஹைப்பாய்டு கியர். பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் ஜிஎல்-5 தர கியர் ஆயில் வேண்டும், பெரும்பாலும் 80 அல்லது 80டபிள்யூ-90. இன்ஜின் ஆயில் ஊற்றக் கூடாது. அளவு பொதுவாக 200 மில்லிக்குள்தான். டிரெயின் போல்ட்டில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. ஊசி போன்ற இரும்புத் துணுக்குகள் இருந்தால் கியரோ பேரிங்கோ உதிர்கிறது. வாஷரைப் புதிதாகப் போட்டு, எல்லாம் மாட்டி வண்டியை நேராக நிமிர்த்திய பிறகு, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை நிரப்புங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த நிலையில் பார்த்தால் அளவு தப்பும். அதிகமானால் பிரீதர் (காற்றுத் துளை) வழியாகக் கக்கி டயரில் வழியும்.

சக்கரப் பேரிங்குகளை விரலால் சுற்றிப் பாருங்கள். நெரநெரவென்றோ இடையில் பிடித்தோ வந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். புதியதை வெளி வளையத்தில் மட்டும் தட்டி இறக்க வேண்டும். பேரிங்குகளுக்கு நடுவிலுள்ள நீளக் குழாயை உள்ளே வைக்க மறந்தால் ஆக்சிலை இறுக்கும்போதே பேரிங் நசுங்கும்.

டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2322 என்றால் 2022-இன் 23-ஆவது வாரம். அம்புக்குறியைப் பார்த்துப் பூட்டுங்கள், லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) மேனுவலில் உள்ளதைவிடக் குறையக் கூடாது.

மாட்டும் வரிசை முக்கியம். பல மாடல்களில் ஃபைனல் டிரைவின் நான்கு நட்டையும் தளர்வாக விட்டு, சக்கரத்தையும் ஆக்சிலையும் மாட்டி, ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவல் அளவுக்கு இறுக்கி, சக்கரத்தைச் சில சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியாகத்தான் அந்த நான்கையும் குறுக்காக இறுக்குவார்கள். முன்கூட்டியே இறுக்கினால் ஸ்ப்லைன் கோணலாக உட்கார்ந்து, பேஸ்ட் இருந்தும் தேயும். ஆக்சிலை இறுக்கிப் பிடிக்கும் பின்ச் போல்ட் அதற்குப் பிறகு.

சைடு பாக்ஸும் சீட்டும் ஏற்கெனவே கழன்றிருக்கும். அப்படியே மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர் கனெக்டரையும் திறந்து பாருங்கள். பழுப்பேறியோ உருகியோ இருந்தால் ஒருநாள் வழியில் கைவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் வர வேண்டும். கூடுதல் விளக்கு, சூடாகும் ஜாக்கெட் என்று மாட்டியிருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடல் கெட்டியாகும் வரை பம்ப் செய்யுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஹப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஃபைனல் டிரைவ் வெதுவெதுப்பாக இருப்பது சரி. கை வைக்கவே முடியாத சூடென்றால் ஆயில் அளவையும், ஸ்பேசர்களின் இடத்தையும் மறுபடி சரிபாருங்கள்.