ஆன்டிபயாட்டிக்கும் குடலில் நடக்கும் தேர்வும்

ஆன்டிபயாட்டிக்கை அடிக்கடி எடுத்தால் உடம்புக்குப் பழகிவிடும், அப்புறம் மருந்து கேட்காது என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறேன். மருந்து கேட்காமல் போவது பாக்டீரியாவுக்கு. உடம்புக்கு இதில் பங்கில்லை. எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியா ஆளுக்கு ஆள் தொற்றக்கூடியது என்பதால், மாத்திரையே தொடாத ஒருவருக்கும் நாளை அந்த மருந்து பயன்படாமல் போகலாம்.

இது எங்கே உருவாகிறது என்பதைத்தான் நாம் சரியாகக் கவனிப்பதில்லை. தொண்டை வலிக்காக விழுங்கிய மாத்திரை தொண்டையோடு நின்றுவிடுவதில்லை. குடலிலும் தோலிலும் எந்தத் தீங்கும் செய்யாமல் வாழ்ந்துகொண்டிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களையும் அது தாக்குகிறது. அவற்றில் ஒருசில, தற்செயலான மரபணு மாற்றத்தால் அந்த மருந்தைத் தாங்கக்கூடியவையாக ஏற்கெனவே இருக்கும். மற்றவை மடிந்ததும் அவற்றுக்கு இடமும் உணவும் தாராளமாகக் கிடைக்க, அவையே பெருகுகின்றன. தாங்குபவை மட்டும் தப்பிப் பெருகும் இதைத்தான் தேர்வு என்கிறேன். போதாததற்கு, பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தின் வழியாக எதிர்ப்பு மரபணுவை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடுகின்றன. 1950களின் இறுதியில் ஜப்பானில், ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு அடங்காத சீதபேதிக் கிருமிகளை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கைமாற்றம் தெளிவாகத் தெரியவந்தது.

சளி, ஃப்ளூ போன்ற வைரஸ் நோய்களுக்கு ஆன்டிபயாட்டிக் எடுப்பதன் தீமையும் இதனால்தான் இரட்டிப்பாகிறது: நோய்க்குக் காரணமான வைரஸை மருந்து தொடுவதே இல்லை, குடலில் நடக்கும் தேர்வோ முழுமையாக நடந்துவிடுகிறது.

'கோர்ஸை முழுவதும் முடி' என்னும் அறிவுரையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1945-ஆம் ஆண்டு நோபல் உரையில், பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், குறைந்த அளவில் பென்சிலின் எடுத்தால் கிருமிகள் எதிர்ப்பைப் பெற்றுவிடும் என்று எச்சரித்து, அதற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்று வந்த ஒருவரைக் கற்பனை உதாரணமாகக் காட்டினார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிருமிக்கு எதிராகப் பென்சிலின் இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து எடுத்தே ஆக வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. ஆனால் சாதாரண நிமோனியா உள்ளிட்ட பல தொற்றுகளுக்கு, முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த நாள் சிகிச்சையே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காய்ச்சல் விட்டதும் நாமாகவே நிறுத்திக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருளில்லை. எத்தனை நாள் தேவை, அதைவிடக் குறைவாகப் போதுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. மிஞ்சிய மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பதை மட்டும் எந்த நியாயமும் காப்பாற்றாது.

எந்த மருந்து என்பதும் எத்தனை நாள் என்பதைப் போலவே முக்கியம். பலவகைக் கிருமிகளை ஒருசேரக் கொல்லும் மருந்தைப் பலர் 'பவர்' அதிகம் என்று விரும்புகிறார்கள். குடலில் அது செய்யும் சேதமும் அதற்கேற்பப் பெரிது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று பிரிவுகளாக வகுத்து, சிலவற்றைக் கடைசி ஆயுதமாகக் கையிருப்பில் வைக்கச் சொன்னதற்கு இப்படிப்பட்ட கவலையே காரணம். கவலை மிகையானதும் அன்று. எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019-இல் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் கல்ச்சர் பரிசோதனை மிக எளிமையானது. சிறுநீரிலோ சீழிலோ இருந்து வளர்த்த பாக்டீரியாவை, அது வளர்வதற்கான அகார் என்னும் கூழ் நிரப்பிய தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளை அதன்மேல் வைத்து ஓர் இரவு விட்டுவிடுவார்கள். காலையில் தட்டு முழுவதும் மங்கலான படலம் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்யும் வட்டைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம் தெரியும், எதிர்ப்பு முற்றிய இடத்தில் படலம் வட்டின் விளிம்புவரை வந்து ஒட்டியிருக்கும். வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் அறிக்கை எழுதுகிறார்கள். முதல் வேளை மாத்திரையை விழுங்கிவிட்டுப் பிறகு மாதிரி கொடுத்தால் கிருமி வளராமலே போகலாம். ஆகவே, நோயாளியின் நிலை அவசரமாக இல்லாதபோது, மாதிரியை முதலில் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குவதே முறை.