வென்வ் கோப்புறையும் தம்பியும்

"அக்கா, வீட்டில் ஓடிச்சு, இங்கே ஓட மாட்டேங்குது."

உட்லண்ட்ஸ் நூலகத்தில் தம்பி. பைத்தான் நிரல்மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் செய்த செயல்திட்டத்தை நண்பனின் மடிக்கணினிக்கு மாற்றியிருக்கிறான், வென்வ் கோப்புறையோடு (அந்தத் திட்டத்துக்கு மட்டுமான பைத்தான் சூழல்) சேர்த்து.

உள்ளே இருக்கும் சின்ன அமைப்புக் கோப்பைத் திறக்கச் சொன்னேன். வீட்டுக் கணினியில் பைத்தான் இருக்கும் முழுப் பாதை, அவன் பயனர் பெயரோடு அப்படியே இருந்தது. நண்பனின் கணினியில் அந்த முகவரிக்கு ஆளே இல்லை!

சரி, அந்தக் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கு. தேவையான தொகுப்புகளை எழுதிவைத்த ரெக்வயர்மென்ட்ஸ் பட்டியலைக் கொடுத்தால், பைத்தானின் நிறுவுகருவியான பிப் மற்றதை இறக்கிக்கொள்ளும்.

கொஞ்ச நேரத்தில் உலாவியில், 8000-ஆம் போர்ட்டில், அவன் தளத்தின் பக்கம் வந்தது.

2012-இல் பைத்தான் 3.3 வந்ததிலிருந்து வென்வ் கூடவே வருகிறது. வகுப்பில் நிரல் எழுதத்தான் சொல்லித் தருகிறார்கள், அதற்கு இடம் தயார்செய்ய அல்ல. வேலையில் சேர்ந்தால் முதல் நாள் முழுக்க இதுதான் ஓடும், அதுவும் சம்பளத்தோடு.