அது ஸ்கோப்பில் இல்லை, அண்ணா

"நம்பரு தெரியுது தம்பி. பெட்டி உக்காந்திருக்கான்னு யாரு பாப்பா?"

கன்டெய்னர் ரயிலில் பெட்டி நம்பர்களைக் குறித்துக்கொண்டிருந்த அண்ணா கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதில் அதைவிடச் சின்னது. "அது ஸ்கோப்பில் இல்லை, அண்ணா." தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்து இரண்டு வருடத்தில் எத்தனையோ கூட்டங்களில் பேசிவிட்டேன். ராத்திரி தூக்கம் கலைந்தால் நினைவுக்கு வருவது இந்த ஒரு வரிதான்.

சொன்னதில் பொய் இல்லை. துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் கன்டெய்னர் ரயிலில் எந்த வேகனில் எந்தப் பெட்டி இருக்கிறது என்பதைக் கேமரா படிக்க வேண்டும், ரயில் கிளம்பும்போதே பட்டியல் போய்விட வேண்டும். என் ஒப்பந்தத்தில், அதாவது ஸ்கோப்பில், இருந்தது அவ்வளவுதான். அதற்கு முன்பு டாலி பார்ப்பவர்கள், அதாவது நடந்துபோய் நம்பர் குறிப்பவர்கள், தாளில் எழுதிக் கொடுப்பார்கள், அலுவலகத்தில் ஒருவர் அதைக் கணினியில் ஏற்றுவார். ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டிகளை இறக்கும் முனையமான சிட்டி டீப்புக்குப் பட்டியல் போவதற்குள் சில நாள் ரயிலே போய்ச் சேர்ந்துவிடும். எதை முதலில் இறக்குவது, யாருடைய லாரியை எப்போது வரச் சொல்வது என்று அங்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? சரக்கில் பெரும்பங்கு ரயிலை விட்டு, ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலைக்குப் போய்விட்டது. துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போவேன். இது தேவையான வேலை என்று அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

அண்ணா அந்த டாலிக்காரர்களில் மூத்தவர். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறவர். நான் தூத்துக்குடி என்று தெரிந்த நாளிலிருந்து என்னிடம் தமிழிலேயே பேச முயன்றார், வார்த்தையைத் தேடித் தேடி. "ரயிலும் நாங்களும் ஒரே வருஷம் தம்பி" என்பார். 1860 ஜூன் 26-ல் டர்பன் ஊருக்கும் துறைமுகப் பக்கத்துப் பாயின்டுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு வந்து நின்றது. அப்பாவும் தாத்தாவும் ரயில்வேயில் இருந்தவர்கள் என்பதால் அந்தத் தேதிகளை வீட்டு விசேஷம் போலச் சொல்வார்.

அவர் ரயில் பார்ப்பதை ஒருநாள் கூடவே நடந்து பார்த்தேன். 50 வேகன். ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பினால் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகிறது. ஒவ்வொரு வேகனிலும் நம்பரை எழுதிவிட்டுக் குனிவார். வேகன் தளத்தில் மூலைக்கு ஒன்றாக இரும்பு முளை இருக்கும். கன்டெய்னரின் மூலைக்குழி அதன்மேல் இறங்கி உட்கார வேண்டும். சரியாக இறங்காத பெட்டி முளையின் நுனியில் ஏறி நிற்கும், தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. அவர் டார்ச்சை மூலைக்கடியில் அடிப்பார். வெளிச்சம் அந்தப் பக்கம் போனால் பெட்டி உட்காரவில்லை. அவ்வளவு எளிமை. அதைப் பார்ப்பது அவர் வேலையே இல்லை. ஏற்றுகிற ஆட்களின் பொறுப்பு என்றுதான் விதிப் புத்தகத்தில் இருந்தது. அவர் பார்த்தார், ஏனென்றால் அந்த வழியாக நடந்தார்.

கேமரா முதல் மாதம் என்னை நிறையவே அலைக்கழித்தது. கன்டெய்னர் நம்பரில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள பத்துக்கும் மதிப்புக் கொடுத்து, இரண்டின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதியோடு அந்தக் கடைசி இலக்கம் ஒத்துப்போக வேண்டும். துருவோ உரிந்த பெயின்டோ இருந்தால் ஓர் எழுத்து மாறும், கணக்கு உதைக்கும். கடைசியில் கேமராவின் கோணத்தை இறுக்கினேன். நம்பர் இருக்கும் பகுதி மட்டும் பெரிதாக விழுந்தது, தப்பு வெகுவாகக் குறைந்தது. பெட்டியின் அடிமூலை படத்துக்கு வெளியே போனது. அன்றைக்கு அது என் கண்ணிலேயே படவில்லை.

படங்களை டாலிக்காரர்களுக்குக் காட்டிய நாளில்தான் அண்ணா அதைக் கேட்டார். மேலாளர் பக்கத்தில் நின்றார். 2021 ஜூலையில் இணையத் தாக்குதலால் துறைமுகக் கணினிகள் முடங்கி, தாளை வைத்து வேலை நடந்ததே, அதைச் சொல்லிச் சொல்லியே இவர்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று அவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அண்ணாவின் கேள்வியையும் நான் அந்தக் கணக்கில்தான் போட்டேன். நிஜமாகவே வேலைக்காகத்தான் கேட்டிருந்தாலும் என்ன? கேள்வி சரியான கேள்விதானே? அவர் தலையாட்டிவிட்டு டார்ச்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு ரயிலை வழியில் கேட்டோ ரிட்ஜ் என்ற ஊரில் நிறுத்தினார்கள். ஒரு பெட்டியின் பின்மூலை ஒரு சாண் தூக்கியிருந்தது. யாருக்கும் அடியில்லை, எதுவும் விழவில்லை. கிளம்பும்போதே அப்படி இருந்ததா, வழியில் குலுங்கி எழும்பியதா என்று தெரிய வேண்டும், படத்தை அனுப்பு என்றார்கள். அனுப்பினேன். பதினோரு குறியும் பளிச்சென்று இருந்தன. மூலை இல்லை. விசாரணையில் காரணம் உறுதியாகவில்லை என்று எழுதி முடித்தார்கள். வழியில் குலுங்கியிருக்கலாம் என்பதை நானும் நம்புகிறேன். நம்ப வேண்டியிருக்கிறது என்றும் சொல்லலாம்.

அதற்குள் அண்ணா ஓய்வு வாங்கிப் போயிருந்தார். தைப்பூசக் காவடியன்று கோயிலில் பார்த்தேன். விபூதி கொடுத்தார், "சாப்பிட்டுப் போ தம்பி" என்றார். ரயில் விஷயம் அவர் காதுக்குப் போயிருந்ததா தெரியாது. நான் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் டாலிக்காரர்கள் வைத்திருக்கும் கைக்கருவியில் ஒரு கட்டம் சேர்த்தேன். ஒவ்வொரு வேகனுக்கும் "நான்கு மூலையும் பார்த்தாயிற்று" என்று டிக் போட வேண்டும். யாரும் கேட்காமல் நானே செய்தது. கொஞ்ச நாள் மனசு லேசாக இருந்தது. போன வாரம் நேரப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். 50 வேகனுக்கும் டிக் விழ ஆன நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. கேபினில் உட்கார்ந்தபடியே போட்டிருக்கிறார்கள். ஷிப்டுக்கு நாலு பேர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர். ஆட்களைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து.

அந்தப் பதிவை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பினால் முதலில் கூப்பிட்டுக் கேட்கப்போவது டிக் போட்ட பையனைத்தான்.