பழைய ஆல்டோவுக்குப் புஷ் மாற்றிய கதை

முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் புதிதாக மாட்டி மூன்றாம் நாள். திங்கள்நகர் தாண்டி குளச்சல் ரோட்டில் ஒரு சின்னக் குழி. ‘டக்’. ஷாக் மாற்றுவதற்கு முன்னால் கேட்ட அதே டக், அதே இடது பக்கம். பக்கத்தில் இருந்த மனைவி வாயே திறக்கவில்லை. ஷாக்குக்கு ஆன செலவை வீட்டுக் கணக்கில் எழுதியவள் அவள்தான். அதனால் அந்த மௌனம் கொஞ்சம் உறைத்தது.

வண்டி 2006 மாடல் ஆல்டோ. என் கைக்கு வந்து பதினோரு வருடம், மீட்டரில் 1,18,000 கிலோமீட்டர். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், வேலை கடலோரக் குளச்சலில். காலையில் ரப்பர் தோட்டத்து ஈரத்திலிருந்து கிளம்பி, பகல் முழுக்கக் கடற்காற்றில் வெயில் காய்ந்து, ராத்திரி மறுபடி ஈரத்துக்கே வந்து சேரும். போதாததற்கு இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் துலா மழை என்கிற வடகிழக்கு மழையும் முறை வைத்துப் பெய்கிற ஊர். இரும்பு துருப்பிடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு யாரும் செய்து தர முடியாது.

சத்தம் மட்டும் என்றால் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துச் சமாளித்திருப்பேன். வேறு சிலதும் இருந்தது. பிரேக்கில் கால் வைத்தால் வண்டி முதலில் இடப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அப்புறம்தான் நேராக நிற்கும். முதல் கியரில் கிளம்பும்போது அடியில் யாரோ சுத்தியலால் ஒரு தட்டு. நேர் ரோட்டிலும் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் ஒரே நாளில் வந்திருந்தால் அன்றே பயந்து போயிருப்பேன். ஐந்தாறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் கை அதற்குப் பழகிவிட்டது. தம்பி ஒருநாள் மார்த்தாண்டம் வரை ஓட்டிப் போய் வந்து, “அண்ணே, இது காரு மாதிரி இல்ல, வள்ளம் மாதிரி இருக்கு” என்று சாவியைக் கையில் கொடுத்தபோதுதான் எனக்கே உறைத்தது.

எங்கள் தெருவில் ஒரு ஆசான் இருக்கிறார். நாற்பது வருடம் பஸ், லாரி, ஜீப், கார் என்று எல்லாவற்றுக்கும் அடியில் படுத்தவர். இப்போது முட்டுவலி, படியிறங்குவதே குறைவு. அவர் வீட்டு முன்னால் வண்டியைக் கொண்டு நிறுத்தினேன். மெல்ல உருட்டிப் பிரேக் அடிக்கச் சொன்னார். அப்புறம் ரிவர்ஸில் உருட்டிப் பிரேக். நான்கைந்து முறை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடே, வீலு முன்ன பின்ன போவுது பாத்தியா? மேல கீழ ஆடுறதுக்குத்தான் ஷாக்கு பொறுப்பு. முன்ன பின்ன போறதுக்கு அவன் என்ன செய்வான்? புஷ்ஷு செத்துப் போச்சு.”

“ஷாக்கு மாத்துனப்ப யாரும் சொல்லலியே ஆசானே.”

“நீ ஷாக்க மாத்துன்னுதானே சொன்ன? அவனும் மாத்துனான்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆல்டோவின் முன்பக்கம் எளிமையான அமைப்பு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைப் பாடியோடு இணைக்கிற இரும்புக் கை. அதன் வெளிமுனையில் எல்லாப் பக்கமும் திரும்புகிற குண்டு மூட்டான பால் ஜாய்ன்ட், உள்முனையில் ஒரே ஒரு ரப்பர் புஷ் (நடுவில் இரும்புக் குழல் வைத்த ரப்பர் உருளை), அதன் வழியாகப் பாடியோடு ஒரு போல்ட். ஒற்றைப் புள்ளியில் பிடித்த ஆர்ம் தனியாக நின்றால் கதவு மாதிரி முன்னும் பின்னும் ஆடும். அதை ஆடாமல் பிடித்து வைப்பது ஸ்டெபிலைசர் கம்பி. வளைவில் வண்டி சாயாமல் பார்ப்பது மட்டும்தான் அந்தக் கம்பியின் வேலை என்று நினைத்திருந்தேன். இந்த வண்டியில் அதற்கு இரட்டை வேலை: கம்பியின் இரு முனைகளும் ஆர்முக்குள் நுழைந்து, இருபுறமும் ரப்பர் வைத்து, நட்டு போட்டு நிற்கின்றன. பிரேக் அடிக்கும்போது சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிற விசையை வாங்குவது அந்தக் கம்பிதான். முனை ரப்பர் தேய்ந்தால் சக்கரம் ஒரு விரல் தூரம் பின்னால் போய்த்தான் நிற்கும். என் வண்டியில் இடது பக்கம் அதிகம் தேய்ந்திருந்தது. பிரேக்கில் இடப்பக்கம் இழுத்ததற்கும் முதல் கியர் சுத்தியலுக்கும் விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

நானே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். பெரிய துணிச்சல் எல்லாம் இல்லை; மேற்பார்வைக்கு ஆசான் இருந்தார், மாசி மாதம், மழையும் இல்லை. மார்த்தாண்டத்தில் சாமான் வாங்கப் போனால் கடைக்காரர் மூன்று வழி சொன்னார். புஷ் மட்டும் வாங்கலாம், புஷ்ஷும் பால் ஜாய்ன்ட்டும் சேர்ந்த முழு ஆர்மாக வாங்கலாம், இல்லையென்றால் பாலியூரித்தேன் புஷ். பாலியூரித்தேன் சீக்கிரம் தேயாது, எண்ணெய்க்கும் அசையாது. ஆனால் ரப்பரைவிடக் கெட்டி. ரோட்டின் சின்ன அதிர்வுகளையும் ஸ்டியரிங்குக்குக் கொண்டு வந்து சேர்க்கும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். ரேஸ் ஓட்டுகிறவருக்குச் சரி. வயதான அம்மாவைப் பின்சீட்டில் உட்கார்த்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வண்டிக்கு வேண்டாம் என்று பட்டது. என் பால் ஜாய்ன்ட் இரண்டும் ஆடவில்லை, உறையும் கிழியவில்லை. அதனால் ரப்பர் புஷ் மட்டும்: ஆர்முக்கு இரண்டு, ஸ்டெபிலைசர் முனைக்கும், அந்தக் கம்பியை நடுவில் பாடியோடு பிடிக்கிற கிளாம்புக்கும் ஒரு செட். ஷாக்குக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அந்த பில்லை அன்று வீட்டில் காட்டவில்லை.

முதல் சனிக்கிழமை இடது பக்கம். பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, பாடிக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை நீட்டினால் ஆசான் முட்டுவலியை மறந்து எழுந்து வந்து அடிப்பார். ஸ்டெபிலைசர் முனையில் நட்டு கழலாமல் பூட்டியிருந்த ஸ்பிளிட் பின் துருவேறி, பிளையரால் பிடித்ததும் பொடியாய் உதிர்ந்தது. நட்டு கழலவே இல்லை. முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பேனர் முனையில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகி, சுவரில் காலை ஊன்றி இழுத்ததில், பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டது. போல்ட் உடைந்ததா நட்டு கழன்றதா என்று ஒரு நிமிடம் பார்க்கவே தைரியம் வரவில்லை. நல்ல காலம், நட்டுதான். சக்கரம் மாட்டியிருக்கிற நக்கிளில் பால் ஜாய்ன்ட்டைப் பிடித்திருந்த போல்ட்டுக்கு அரை மணி நேரம். உள்முனைப் பெரிய போல்ட் என்ன காரணமோ சொன்ன பேச்சுக் கேட்டு வந்துவிட்டது.

ஆர்மைக் கையில் எடுத்துப் பார்த்தபோது சங்கடமாகத்தான் இருந்தது. புஷ்ஷின் நடுக்குழல் மையத்தில் இல்லை, ஒரு ஓரமாய் ஒதுங்கிக் கிடந்தது. ரப்பர் ஒரு பக்கம் வெடித்து, மறுபக்கம் உப்பி, அமுக்கினால் கொழகொழவென்று விரலில் ஒட்டியது. சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட்டின் சீல் வழியாகக் கியர் ஆயில் கசிந்து வருடக்கணக்காக அதன்மேல் சொட்டியிருக்கிறது. இடது பக்கம் முதலில் போனதன் ரகசியம் அதுதான். சீலை மாற்றாமல் புஷ்ஷை மட்டும் மாற்றினால் மறுபடி இதே கதை. அந்தச் சீலுக்காக ஒரு நாள் கூடுதலாகப் போனது. அதைச் செய்தது நான் இல்லை, பக்கத்து ஒர்க்‌ஷாப்.

அப்பா ரப்பர் வெட்டுகிறவர். இலை உதிர்ந்து தளிர்க்கிற காலம் என்பதால் வெட்டு இல்லாமல் வீட்டில்தான் இருந்தார். கழற்றிய புஷ்ஷை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்து, மோந்தும் பார்த்தார். “இது நம்ம ஊரு பாலா இருக்குமோ?” என்றார். இருக்கலாம், யார் கண்டது. சிரட்டையில் வடிகிற பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் அடித்து, புகைப்புரையில் உணக்கினால் ஷீட். அதுவரை அப்பாவுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஃபாக்டரியில் கந்தகமும் கரித்தூளும் கலந்து சூடாக்கி அச்சில் வார்த்தால் இந்தப் புஷ். செயற்கை ரப்பர் எத்தனையோ வந்த பிறகும் இப்படி ஓயாமல் முறுக்குப்படுகிற வேலைக்கு இயற்கை ரப்பரைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. லட்சக்கணக்கான முறை முறுக்கினாலும் சுலபத்தில் கிழியாது. எண்ணெய் பட்டால் ஊறிப் போகும், காற்றிலுள்ள ஓசோன் பட்டால் வெடிக்கும், இரண்டும்தான் அதற்கு எமன். எண்ணெய் சமாசாரத்தை நான் சொன்னதும் அப்பா, “பின்ன, பாலு வடியிற மரத்துல எண்ணைய தேச்சா என்ன ஆவும்” என்றார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பழைய புஷ்ஷை வெளியே எடுக்க, ஒரு பக்க உதட்டைக் கத்தியால் சீவிவிட்டு மறுபக்கத்திலிருந்து தள்ள வேண்டும். கத்திக்குப் பால் வெட்டுகிற உளியைக் கேட்டேன். அப்பா முறைத்த முறைப்பில் பிளேடே போதும் என்று விட்டுவிட்டேன். தள்ளுவதற்கு ஒரு நீள போல்ட், நாலு வாஷர், ஒரு துண்டு ஜிஐ பைப். இந்தக் கூட்டணி பழையதை வெளியேற்றிவிட்டது, புதியதை உள்ளே ஏற்றவில்லை. கிரீஸ் தடவலாமா என்று கை போனது. ஆசான் சத்தம் போட்டார். சோப்புத் தண்ணீர்தான் தடவ வேண்டும். ஏற்றும்போது வழுக்கும், அப்புறம் காய்ந்து பிடித்துக்கொள்ளும். சோப்போடும் அது பாதியில் கோணிக்கொண்டு நின்றது. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, ஆர்மைச் சாக்கில் கட்டிக்கொண்டு பிரஸ் இருக்கிற ஒரு லேத்துக்கு ஓடினேன். அங்கே ஐந்து நிமிட வேலை. இரண்டு பக்கமும் உதடு ஒரே அளவு வெளியே நிற்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினேன். பிறகு வலது பக்கம் செய்தபோது ஆர்மை வீட்டில் வைத்துப் பார்க்கவே இல்லை, கழற்றியதும் நேராக லேத்.

தப்பு நடந்தது இடது பக்கத்தை மாட்டும்போது. வண்டி ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் தொங்க, எல்லா போல்ட்டையும் பலம்கொண்ட மட்டும் இறுக்கிவிட்டுக் கீழே இறக்கினேன். ஆசான் அன்று மதியத் தூக்கம். மறுநாள் ஓட்டினால் டக் சத்தம் போய்விட்டது. ஆனால் இடது பக்கம் முரடாக இருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கதவுக் கீல் மாதிரி ஒரு முனகல். சமதரையில் நிறுத்திப் பார்த்தால் இடது மூக்கு ஒரு விரற்கடை தூக்கி நின்றது.

“தொங்கவிட்டு இறுக்கினியா?” என்பதுதான் ஆசானின் முதல் கேள்வி. புஷ்ஷின் நடுவில் இருக்கிற இரும்புக் குழல், போல்ட்டை இறுக்கியதும் பாடியோடு ஒன்றாகிவிடும், அப்புறம் சுழலாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது முறுக்கிக்கொடுப்பது ரப்பர்தான். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் நன்றாகக் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் ஈர வேட்டியைப் பிழிந்து பிடித்த மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். குழியில் இறங்கினால் இன்னும் முறுக்கும். புத்தம் புது புஷ் அற்ப ஆயுளில் கிழிவது பெரும்பாலும் இதனால்தான் என்றார். யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்று பேர், “புஷ் மாத்தினேன், ஆறு மாசத்துல போச்சு, சாமான் சரியில்ல” என்று புலம்பியிருக்கிறார்கள்.

மறு சனிக்கிழமை வீட்டில் கிடந்த அயனிப் பலகைகளை அடுக்கி, முன்சக்கரம் இரண்டையும் அதன்மேல் ஏற்றி நிறுத்தினேன். வண்டியின் முழு பாரமும் சக்கரத்தில். எல்லாப் போல்ட்டையும் தளர்த்தினேன். இடது பக்கம் தளர்ந்தபோது ‘ம்க்’ என்று ஒரு சின்னச் சத்தம். மூச்சு விட்டது போலத்தான் இருந்தது. முன்பக்கத்தைக் கையால் நாலு முறை அமுக்கி ஆட்டிவிட்டு, அப்புறம் இறுக்கினேன். முனகல் போயிற்று, மூக்கும் இறங்கிற்று. ஸ்டெபிலைசர் நட்டுகளுக்குப் புது ஸ்பிளிட் பின் போட்டேன்.

அலைன்மென்ட் பார்க்காமல் விடக்கூடாது. இந்த மாதிரி வண்டியில் திருத்த முடிகிறது டோ ஒன்றுதான், அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு. தக்கலையில் பார்த்தபோது அது நன்றாகவே விலகியிருந்தது. தேய்ந்த புஷ்ஷோடு முன்பு இரண்டு முறை அலைன்மென்ட் செய்திருக்கிறேன். ஆடுகிற சக்கரத்தை அளந்து என்ன பயன்? அந்தக் காசு போனது போனதுதான்.

ஓட்டிப் பார்த்ததில் முதலில் உணர்ந்தது அமைதி. அழகியமண்டபம் வரை ரோட்டில் குழி குறைந்துவிட்டதோ என்று சந்தேகமே வந்தது. அப்புறம் பிரேக், எங்கும் இழுக்காமல் நேராக நின்றது. ஸ்டியரிங்தான் பழக இரண்டு நாள் எடுத்தது. இல்லாத ஆட்டத்தைத் திருத்த என் கை தானாகத் திரும்ப, வண்டி அந்தப் பக்கமே போனது! தம்பி ஓட்டிவிட்டு வள்ளம் என்று சொல்லவில்லை. வேறு ஒன்றும் சொல்லவும் இல்லை.

ஜூனில் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் முழுவேகத்தில் சுற்றுகிற நேரம், பக்கவாட்டில் வந்து மோதுகிற காற்று. முப்பந்தலில் முன்பெல்லாம் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவேன். இந்த முறை முன்பக்கம் அசையவில்லை. பின்பக்கம்தான் தனியாக ஒரு அலை அடித்தது. முன்னால் ஆடிக்கொண்டிருந்தவரை பின்னால் ஆடுவது தெரியவே இல்லை.

பின் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது ஒரு குறுக்குக் கம்பி, அதன் இரு முனையிலும் புஷ். ஊர் திரும்பியதும் அதைக் கழற்றினேன். ஒரு முனை ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது. லேத்துக்குப் போய்வர ஒரு மணி நேரம், மற்றதெல்லாம் ஒரு மணி நேரம். இதையும் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் இறுக்கினேன். அலை பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

மீதி, பின் ஆக்சிலை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற டிரெய்லிங் ஆர்ம் இரண்டின் புஷ் நான்கு. போல்ட்டுகள் உள்குழலோடு துருவேறி ஒன்றாகிக் கிடக்கின்றன. தினமும் சாயங்காலம் ரப்பரில் படாமல் பழைய துணியைச் சுற்றிவிட்டு, போல்ட் தலையில் மட்டும் கொஞ்சம் எண்ணெய் விடுகிறேன். வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், புது போல்ட் வாங்கி வை என்கிறார் ஆசான். மழை விடட்டும் என்று பார்க்கிறேன். இடது பக்க முன் போல்ட் நேற்று கால் சுற்று அசைந்தது.