பாகம் குறைந்த பழைய சீகோ: வாங்கும் முன்னும் பிரித்த பின்னும்

"ஓடவில்லை, பாகங்களுக்கு மட்டும்" என்று ஆன்லைனில் விற்பனைக்கு வரும் பழைய கைக்கடிகாரங்களில், ரிப்பேர் பழகுகிறவர்களுக்கு ஏற்றவை சீகோ 6309, 7009 இரண்டும். இரண்டுமே 17 கல் ஆட்டோமேட்டிக் (கை அசைவில் தானே சாவி ஏறும்) மெஷின், மணிக்கு 21,600 துடிப்பு, கிழமையும் தேதியும் உண்டு. ஏராளமாகத் தயாரானவை என்பதால் உதிரிக்குப் பஞ்சமில்லை. கிரவுன் (பக்கத்துக் குமிழ்) இல்லை, முள் இல்லை, கண்ணாடி இல்லை என்றால் பயப்பட வேண்டாம். என்ன இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். விலை விசாரித்து வாங்கிப் போட்டுவிடலாம். வேறு கடிகாரத்தின் பாகங்களைப் போட்டு முழுசாகக் காட்டுகிறார்களே, அதுதான் காசையும் நாளையும் சேர்த்துத் தின்னும்.

அதனால் பணம் கட்டும் முன் எண்களைப் படிக்கப் பழகுங்கள். பின்மூடியில் 6309-7040 என்பதுபோல் எட்டு இலக்கம் இருக்கும். முதல் நான்கு மெஷினின் எண், அடுத்த நான்கு கேஸின் எண். டயலில் 6 மணிக்குக் கீழே, ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னோர் எண் இருக்கும். அதன் கடைசிப் பகுதி மூடியிலிருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை. முதல் நான்கு ஒத்துப்போக வேண்டும். மெஷினில் பொறித்த எண்ணும் அதேதான் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் அது பல கடிகாரங்களைச் சேர்த்துக் கட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியிலுள்ள ஆறிலக்கத் தொடர் எண் தயாரான காலத்தைச் சொல்லும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில ஓ, என், டி வரும். பத்தாண்டைக் கண்டுபிடிக்க அந்த மாடல் எப்போது வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். 6309-7040 டைவர் 1976 முதல் 1988 வரை வந்தது. அதில் 23 என்று தொடங்கினால் 1982 மார்ச், சந்தேகமே இல்லை. 81 என்றால் 1978 ஜனவரியா 1988 ஜனவரியா என்று எண் மட்டும் சொல்லாது.

மறுபூச்சு டயல் தனித் தலைவலி. இந்தியாவிலிருந்து விற்பனைக்கு வரும் சீகோ 5-களில் இது அதிகம். பளபளவென்று புது நிறம், தடித்த எழுத்து, 6 மணிக்குக் கீழே எண்ணே இல்லை, கிழமை ஜன்னலின் விளிம்பில் பெயிண்ட் திரண்டு நிற்கிறது என்றால் அது மறுபூச்சுதான். அழகு குறைவது மட்டுமல்ல பிரச்சினை. மறுபடி பூசும்போது டயலின் பின்னாலுள்ள இரண்டு கால்களில் ஒன்று உடைந்திருந்தால் பசை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். டயல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே கிழமைச் சக்கரம் உரசும், முள்ளின் தண்டு டயல் துளையில் இடிக்கும். டயலின் பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கடிகாரத்தை விட்டுவிடுங்கள்.

மூடியின் உட்பக்கப் படமும் கட்டாயம் வேண்டும். அதில் வில் வடிவில் பளிச்சென்று கீறல் இருந்தால் ரோட்டர் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) உரசியிருக்கிறது: நடுத் திருகு தளர்ந்திருக்கலாம், பால் பேரிங் தேய்ந்திருக்கலாம். திருகு ஒரு நிமிட வேலை; பேரிங் தேய்ந்திருந்தால் ரோட்டரையே மாற்ற வேண்டும்.

"சாவி கொடுத்தால் சுற்றுகிறது, ஏறவில்லை" என்று விலை குறைத்து விற்பவர்கள் உண்டு. 6309-லும் 7009-லும் கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது, அது பழுதல்ல. கிரவுனை இழுத்தால் விநாடி முள் நிற்காததும் அப்படித்தான். நமக்கு இது ஆதாயம். மாறாக சீகோவின் இன்னொரு மெஷினான 5606-இல் கிரவுனால் கிழமை-தேதியை மாற்ற முடியவில்லை என்றால் ஒதுங்கிவிடுங்கள். அதன் பிளாஸ்டிக் மாற்றுச் சக்கரம் விரிசல் விடுவது பெயர்பெற்ற நோய்.

6309, 7009-இல் முள் இல்லையென்றால் சீகோவின் பிந்தைய மெஷினான 7எஸ்26-க்கான முள்ளே உட்காரும்: மணி முள்ளுக்கு 1.50 மி.மீ. துளை, நிமிட முள்ளுக்கு 0.90. ஆனால் பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) இல்லாததையோ அதன் மெல்லிய ஹேர் ஸ்பிரிங் கசங்கியதையோ தனியாக வாங்காதீர்கள். அதே எண்ணுள்ள, டயல் கெட்டுப்போன இன்னொன்றோடு சேர்த்து வாங்கினால்தான் கட்டுப்படியாகும்.

பிரிக்கும்போது முதலில், கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் இழுவையை இறக்குங்கள். இழுவையோடு பாலட் ஃபோர்க்கை (சக்கரங்களைத் துடிப்புக்குத் துடிப்பு நிறுத்தி விடும் சிறு கவை) கழற்றினால் சக்கரங்கள் தாறுமாறாகச் சுழன்று பிவட் (அச்சின் மெல்லிய நுனி) முறியும். கழுவ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பயன்படுத்தினால் பாலட் ஃபோர்க்கை அதில் ஊறவைக்கக் கூடாது. கற்களை ஒட்டியிருக்கும் அரக்கு கரைந்துவிடும். பாலட் ஃபோர்க்குக்கும் பேலன்ஸுக்கும் நாஃப்தா (லைட்டரில் ஊற்றும் எண்ணெய் போன்றது) போதும். பேலன்ஸை அதிர்ச்சியிலிருந்து காக்கும் டயாஷாக் ஸ்பிரிங் மூன்றிதழ்ப் பூ போல மெலிதாக இருக்கும். வெளிப்படையான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்றுங்கள், தெறித்தாலும் பைக்குள்ளேயே இருக்கும்.

எண்ணெய் போடுவதில்தான் பழகுகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வேகமாகச் சுழலும் பிவட்டுகளுக்கு மோபியஸ் நிறுவனத்தின் 9010 எண்ணெய், பாலட் கற்களுக்கு 9415. பாலட் ஃபோர்க்கின் பிவட்டுகளுக்கு எதுவும் வேண்டாம். மெயின் ஸ்பிரிங் இருக்கும் பேரலைத் திறந்திருந்தால் அதன் உட்சுவருக்கு ஆட்டோமேட்டிக்குக்கான பிரேக்கிங் கிரீஸ், 8217 போன்றது. அங்கே சாதாரண எண்ணெய் போட்டால் ஸ்பிரிங்கின் நுனி சுவரைப் பிடிக்காமல் சீக்கிரமே வழுக்கும். பகல் முழுக்கக் கையில் கட்டியிருந்தும் இரவில் கழற்றி வைத்தால் விடியுமுன் நின்றுவிடும். பலர் ரோட்டரையே குற்றம் சொல்லி அலைவது இதனால்தான்.

சேர்த்த பிறகு ராட்செட் சக்கரத்தின் (மெயின் ஸ்பிரிங்கைச் சுற்றும் பல்சக்கரம்) திருகை ஸ்க்ரூ டிரைவரால் வலப்பக்கம் ஏழெட்டுச் சுற்றுத் திருகி ஓடவிடுங்கள். டயல் மேலே பார்க்கப் படுக்கவைத்த நிலையில் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் வீல் ஆடும் கோணம்) 220 டிகிரிக்கு மேல் வந்தால் நல்லது. வராவிட்டால் எண்ணெயைக் கூட்டாதீர்கள், மறுபடி பிரித்துக் கழுவுங்கள். தேதியைச் சோதிக்கும்போது இரவு 9 முதல் விடிகாலை 4 மணி வரை உள்ள நேரத்தில் முள் நிற்கையில் கிரவுனால் மாற்றக் கூடாது. அப்போது தேதி மாற்றும் சக்கரம் பல்லோடு பிணைந்திருக்கும். முள்ளை 6 மணிக்கு நகர்த்திவிட்டு மாற்றுங்கள்.