சினை ஆட்டின் இரத்தத்தை எதனோடு ஒப்பிடுவது?

கால்நடை மருத்துவனாகப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், மேச்சேரிப் பக்கத்துச் செம்மறிப் பட்டி ஒன்றிலிருந்து எடுத்தனுப்பிய இரத்த மாதிரிகளின் முடிவுகள் வந்தபோது, ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஏதோ ஓர் எண்ணுக்கு எதிரே சிவப்புக் குறி இருந்தது. ஆடுகளோ நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. பால்குடிக் குட்டி, இரண்டு பல் போட்ட பெட்டை, நான்கு மாதச் சினை ஆடு என்று பிரித்து எழுதாமல், படிவத்தில் ‘செம்மறி’ என்று மட்டும் நான் எழுதியிருந்ததால், வளர்ந்த சினையற்ற ஆட்டுக்குரிய அளவே எல்லாவற்றுக்கும் அளவுகோலாகிவிட்டது.

குட்டியை எடுத்துக்கொள்வோம். செம்மறியின் நஞ்சுக்கொடி தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கருவுக்குக் கடத்துவதில்லை. ஆகவே பிறந்தவுடன் குட்டியின் இரத்தத்தில் அப்புரதங்கள் அடங்கிய குளோபுலின் மிகக் குறைவாகவே இருக்கும். முதல் 24 மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலிலிருந்து அப்புரதம் சிதையாமல் குடல்வழியே இரத்தத்தில் சேர்கிறது. சீம்பாலில் மிகுந்துள்ள ஜிஜிடி என்னும் நொதியும் கூடவே ஏறுகிறது. வளர்ந்த ஆட்டில் கல்லீரல், பித்தநாளக் கோளாறுக்கு அடையாளமாக நாம் பார்க்கும் அதே நொதி, இரண்டு நாள் குட்டியில் உயர்ந்திருந்தால் அது சீம்பால் குடித்திருக்கிறது என்றே பொருள். எலும்பு வளரும் பருவத்தில் பாஸ்பரஸும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியும் கூடுதலாக இருந்து, பின்னர் இறங்கும்.

சர்க்கரையின் கதை வேறு. பால் குடிக்கும்வரை லாக்டோஸிலிருந்து குட்டிக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. அசையூண் வயிறு வளர்ந்து புல் மேயத் தொடங்கியபின், நுண்ணுயிரிகள் தரும் புரோப்பியோனிக் அமிலத்தைக் கொண்டு பெரும்பகுதிச் சர்க்கரையைக் கல்லீரலே செய்துகொள்ள வேண்டியிருப்பதால், வளர்ந்த ஆட்டில் டெசிலிட்டருக்கு 50 முதல் 80 மில்லிகிராம் என்பதே இயல்பு. மனிதக் கணக்கில் பழகிய கண்ணுக்கு இது குறைவாகத்தான் தெரியும்.

இந்தக் கல்லீரலுக்கு உண்மையான சோதனை நிறைசினையில் வருகிறது. ஏறக்குறைய 150 நாள் சினையில், பிறப்பெடையின் சுமார் 70 விழுக்காடு கடைசி ஆறு வாரங்களில்தான் சேர்கிறது. கரு சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்க, பருத்த கருப்பை அசையூண் வயிற்றை நெருக்கித் தீவனம் கொள்ளும் இடத்தைக் குறைக்கிறது. ஆடு தன் கொழுப்பைக் கரைக்கிறது; அதில் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் ஏறுகின்றன. அவற்றுள் ஒன்றான பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் லிட்டருக்கு 0.8 மில்லிமோலைத் தாண்டினால் தீவனம் போதவில்லை என்று எச்சரிக்கையாகலாம். 3-ஐத் தாண்டினால் சினைக்கால நச்சுநோய் என்றே ஐயுறுவேன். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடுகளையே இது அதிகம் தாக்கும். மேச்சேரி இனம் பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனுவதால், எங்கள் பக்கத்தில் இதை அடிக்கடி பார்ப்பதில்லை.

கால்சியமும் இதே வாரங்களில்தான் குறைகிறது. பசுவுக்குக் கன்று ஈன்றபின் வரும் கால்சியக் குறைவு, செம்மறிக்குப் பெரும்பாலும் ஈனுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. குட்டியின் எலும்பு அப்போதுதான் இறுகுகிறது. படுத்த ஆடு எழவில்லை என்றால் இரண்டு நோயையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கால்சியம் மெல்ல ஏற்றியதும் தேறி எழுந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது.

அந்த முதல் தாள்களில் சர்க்கரை குறைந்திருந்ததற்கு வயதும் சினையும் மட்டுமே காரணமாக இருந்திருக்காது. சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கும் என்பதால் ஃபுளோரைடு கலந்த குழாயில் எடுத்திருக்க வேண்டும். நானோ சாதாரணக் குழாய்களில் எடுத்து, நண்பகல் வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்திருந்தேன்.